ஆராதனைக்கு முதலிடம் தந்த கமிட்டி

சபையின் வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கப்பட வேண்டிய (பொன்னெழுத்துகளின் தடிமன் பற்றி அடுத்த கூட்டத்தில் முடிவெடுக்கப்படும்) மாபெரும் தீர்மானம் ஒன்று ஒருமனதாக நிறைவேறியிருக்கிறது. ஞாயிறு ஆராதனைக்கு வராமல் சாக்குச் சொல்லும் பழக்கத்தை வேரோடு பிடுங்கி எறிய ‘ஆராதனை முன்னுரிமைக் கமிட்டி’ உதயமாகியிருக்கிறது. தலைவலி, தண்ணீர் வரவில்லை, வண்டி பஞ்சர், விருந்தாளி வந்துவிட்டார் போன்ற எந்தக் காரணமும் இனி செல்லாது. தேவனுக்குரிய நேரம் தேவனுக்கே. இந்தக் கமிட்டி வாரந்தவறாமல் கூடும். உறுப்பினர்கள் எல்லோருக்கும் வேறு வேலை இல்லாத நேரம் வாரத்தில் அது ஒன்றுதான் என்பதால், ஞாயிற்றுக்கிழமை காலை, ஆராதனை நேரத்தில் கூடும்.

இந்த அறிவிப்பைப் பீடத்துக்குப் பக்கத்தில் நின்று வாசித்தவர் கமிட்டியின் செயலாளர். அவர் பல் டாக்டர். பல்லைப் பிடுங்குவதற்கு முன் ‘வலிக்கவே வலிக்காது’ என்று சொல்வாரே, அதே குரலில் வாசித்தார். கேட்டவர்கள் யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கும் அளவுக்கு அன்று ஆளும் இல்லை.

அந்தச் சபையில் லிஃப்ட்காரர் என்று ஒருவர் இருந்தார். இருந்தார் என்பது சற்று மிகை. அவருடைய மனைவி இருந்தார். சபைச் சுற்றறிக்கையில் இவருடைய பெயரும் இருந்தது. அடுக்குமாடிகளில் லிஃப்ட் பழுதுபார்ப்பது அவர் தொழில். ஞாயிறு காலையில் யாராவது லிஃப்டுக்குள் மாட்டிக்கொள்வார்கள், ஓடிப்போய் எடுத்துவிட வேண்டும் என்று ஆரம்பத்தில் சொல்லிவந்தார். ஆரம்பத்தில் அது உண்மையாகவும் இருந்தது. பிறகு நல்ல லிஃப்டுகள் வந்துவிட்டன. ஞாயிறன்று ஒன்றும் நடுவழியில் நிற்பதில்லை. லிஃப்டுகள் திருந்திய பிறகும் லிஃப்ட்காரர் திருந்தவில்லை. சனிக்கிழமை மாலை ‘நாளைக்குக் கண்டிப்பா’ என்பார். ஞாயிறு காலை போர்வைக்குள்ளிருந்து ‘அடுத்த வாரம் கண்டிப்பா’ என்பார்.

‘வீட்டுக்காரர் வரலையா?’ என்று சபையில் கேட்பவர்களுக்குப் பதில் சொல்லும் பொறுப்பு மனைவியின் தலையில் விழுந்தது. அவர் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவர். ஆகவே கணவனுக்கு அவர் வரவழைத்த வியாதிகள் அரைகுறையாக இருக்கவில்லை. சாப்பாட்டுக்கு முன் எந்த மாத்திரை, பின் எந்த மாத்திரை என்பதுவரை துல்லியமாக இருந்தன. சிறுநீரகக் கல், கழுத்தெலும்புத் தேய்மானம், மூலம் என்று ஒவ்வொன்றுக்காகவும் ஆயர் மன்றாடினார். சபையார் உருகி ஆமென் சொன்னார்கள். அந்த நேரத்திலெல்லாம் நோயாளி குப்புறப் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

கமிட்டி உதயமான அந்த ஞாயிறு மதியம் மனைவி வீடு திரும்பியதும் கைப்பையை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்:

“என்னங்க, எனக்குத் தெரிஞ்ச வியாதியெல்லாம் தீர்ந்துபோச்சு. இனிமே உங்களுக்குப் பிரசவம்தான் பாக்கி.”

“அடுத்த வாரத்துக்குள்ள வேற ஏதாவது யோசிக்கலாம்மா.”

“யோசிக்க வேணாம். வாங்க. பொண்ணு கல்யாணமாகிப் போனதுலேருந்து அந்தப் பெஞ்சுல நான் ஒத்தையா உக்காந்திருக்கேன். உங்களைப் பாடச் சொல்லல, சாட்சி சொல்லச் சொல்லல. பக்கத்துல வந்து உக்காருங்கன்னுதான் கேக்குறேன். ஆராதனை முடியறவரைக்கும். அவ்வளவுதான்.”

“நான் வந்தா என்ன, வராட்டி என்ன? கடவுள் வீட்டுலயும்தானே இருக்காரு?”

“இருக்காரு. ஆனா நான் அங்க இருக்கேன்.”

லிஃப்ட்காரர் மேசைமேல் இருந்த கைப்பையை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நகர்த்தி வைத்தார்.

“வரலேன்னா,” என்றார் மனைவி, “அடுத்த வாரம் கேக்குறவங்ககிட்ட உண்மையைச் சொல்லிடுவேன்.”

இத்தனை வருடக் குடும்ப வாழ்க்கையில் இப்படியொரு மிரட்டலை அவர் கேட்டதில்லை. ஆனால் அவரை உலுக்கியது மிரட்டல் அல்ல. அதைச் சொல்லிவிட்டு மனைவி காலையிலேயே துடைத்திருந்த அடுப்பை மறுபடி துடைத்தார். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், சரி என்று தலையாட்டினார்.

அடுத்த ஞாயிறு தானாகவே எழுந்தார். இஸ்திரி போட்ட சட்டை. ஷூவுக்குப் பாலிஷ். மனைவி ஞாயிறுபள்ளிப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்க முன்னதாகவே போய்விட்டிருந்ததால் தனியாக வந்து சேர்ந்தார். வாசற்படியில் கால் வைத்ததுதான் தாமதம், கமிட்டித் தலைவர் வழிமறித்துக் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிடித்த கையை விடவில்லை. தலைவர் ஓய்வுபெற்ற வங்கி மேனேஜர்.

“வாங்க பிரதர், வாங்க! உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கோம். இப்படி ஆபீஸ் ரூமுக்கு வாங்க.”

“இல்ல சார், உள்ளே என் வீட்டுக்காரம்மா இருக்காங்க. நேரா அவங்க பக்கத்துல போய்...”

“போகலாம், போகலாம். இவ்வளவு காலம் கழிச்சு சும்மா உள்ளே நுழைஞ்சிட முடியுமா? ஒரு பேங்க் அக்கவுண்டே ரொம்ப நாளா இயங்கலேன்னா முடக்கி வெப்போம். மறுபடி உயிர் குடுக்கணும்னா மேனேஜரைப் பாத்துத்தான் ஆகணும்.”

“அவங்க தனியா இருக்காங்க சார்.”

“இருக்கட்டும். அவங்க வாரந்தவறாம வர்றவங்க. வர்றவங்களைப் பத்திக் கமிட்டிக்குக் கவலையே இல்ல.”

கமிட்டி அறை ஆலயச் சுவரை ஒட்டி இருந்தது. மின்விசிறி, மெத்தை வைத்த நாற்காலிகள், பிளாஸ்கில் டீ, தட்டு நிறைய பிஸ்கட். ஆலயத்துக்குள் இத்தனை வசதி கிடையாது. ஆராதனைக்கு முதலிடம் கொடுப்பது எப்படி என்று யோசிக்கிறவர்கள் சௌகரியமாக உட்கார்ந்துதானே யோசிக்க முடியும்?

சுவருக்கு அந்தப்புறம் முதல் பாட்டு தொடங்கியது.

“கல்லு எப்படி இருக்கு?” என்று அன்போடு கேட்டார் பல் டாக்டர்.

“எந்தக் கல்லு?”

உறுப்பினர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “பாவம், ஞாபகமும் போயிடுச்சு,” என்று ஒருவர் முணுமுணுத்தார். கண்ணை மூடி லிஃப்ட்காரரின் ஞாபகசக்திக்காக ஒரு ஜெபம் ஏறெடுக்கப்பட்டது. அது நீளமான ஜெபம். முடிவதற்குள் அந்தப்புறம் இரண்டு வேதபாடங்களும் வாசித்து முடிந்துவிட்டன.

இதற்குமேல் தாங்க முடியாமல் லிஃப்ட்காரர் உடைத்துச் சொன்னார்: “எனக்கு ஒரு வியாதியும் இல்லீங்க. தூங்கிட்டேன். அவ்வளவுதான்.”

பிஸ்கட்டுக்கு நீண்ட கைகள் பாதியில் நின்றன.

“தூக்கம்னா... தூக்க வியாதியா?” என்று நப்பாசையோடு கேட்டார் பல் டாக்டர்.

“இல்லீங்க. நல்ல தூக்கம்.”

மேனேஜர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “பிரதர், நீங்க எங்களைப் பெரிய சங்கடத்துல மாட்டிவிட்டுட்டீங்க. ஒருத்தர் சாக்குச் சொன்னா அதை ஆராயலாம், உடைக்கலாம், அறிவுரை சொல்லலாம். நீங்க பாட்டுக்கு உண்மையைச் சொன்னா நாங்க எதை ஆராயறது?”

“ஒண்ணும் ஆராய வேணாம் சார். என்னை உள்ளே விட்டீங்கன்னா போய் உக்காந்துக்குவேன்.”

“உணர்ச்சிவசப்படாதீங்க. டீ குடிங்க.”

உண்மையான காரணங்களை ஆராய ஒரு துணைக் கமிட்டி வேண்டும் என்று ஒருவர் முன்மொழிய, இன்னொருவர் வழிமொழிய, பிஸ்கட் தட்டு ஒரு சுற்று வந்தது. தீர்மானம் நிறைவேறிக் கைதட்டியபோது அந்தப்புறம் ஆயர் ஆசீர்வாதம் கூறிக்கொண்டிருந்தார்.

மனைவி வாசலுக்கு வந்தபோது லிஃப்ட்காரர் கையில் பாதி பிஸ்கட்டோடு நின்றுகொண்டிருந்தார்.

“வந்தீங்களா?”

“வந்தேன்.”

“எங்க?”

“காம்பவுண்டுக்குள்ளதான்.”

“காம்பவுண்டுக்குள்ள வேப்பமரமும்தான் இருக்கு,” என்று சொல்லிவிட்டு மனைவி நடந்தார்.

அடுத்த வாரம் சீக்கிரமே போய்ப் பின்வாசல் வழியாக நுழைந்துவிடலாம் என்று திட்டம் போட்டார். பின்வாசலில் வேன் நின்றது. ‘திருந்திய சாக்காளர்’ என்ற பதவி அவருக்கு வழங்கப்பட்டிருப்பதாகவும், ஆராதனைக்கு வராதவர்களை வீடு தேடிச் சந்திக்கும் குழுவில் அவர்தான் நட்சத்திரம் என்றும் மேனேஜர் அறிவித்தார். வராதவர்களை எப்போது வீட்டில் பிடிக்க முடியும்? ஆராதனை நேரத்தில்தான். யாராலும் மறுக்க முடியாத தர்க்கம். லிஃப்ட்காரராலும் முடியவில்லை. வேனின் கதவு சாத்தப்பட்டது.

முதலில் அச்சகக்காரர் வீடு. அச்சகக்காரரும் அவர் மனைவியும் மாமியாரும் நல்ல உடுப்பு உடுத்தி, கையில் வேதாகமத்தோடு வீட்டைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள்.

“எங்கே கிளம்பிட்டீங்க?” என்றார் மேனேஜர்.

“கோயிலுக்குத்தாங்க.”

“அதைப் பத்திப் பேசத்தான் வந்திருக்கோம். கதவைத் திறங்க.”

பூட்டிய கதவு மறுபடி திறக்கப்பட்டது. எல்லோரும் உட்கார்ந்தார்கள். ஆராதனைக்கு நேரத்தோடு போவதன் அவசியம் பற்றி மேனேஜர் பேசத் தொடங்கினார். நடுவில் ஆலயமணி கேட்டது.

“ஐயா, மணி அடிச்சிட்டாங்க,” என்று அச்சகக்காரர் பாதி எழுந்தார்.

“பாத்தீங்களா, இந்த அவசரம்! இந்த அவசரம்தான் நம்மளை ஆண்டவர்கிட்டேருந்து பிரிக்குது. உக்காருங்க.”

மாமியார் மெதுவாக, “நான் மட்டுமாவது நடந்து போயிடட்டுமாப்பா?” என்றார்.

“அம்மா, குடும்பமா சேந்து போறதுதான் அழகு. தனியாப் போறது நல்ல சாட்சி இல்ல.”

லிஃப்ட்காரரைத் தன் அனுபவத்தைச் சொல்லச் சொன்னார்கள். அவர் எழுந்து நின்று, “எனக்கு என் வீட்டுக்காரம்மா பக்கத்துல போய் உக்காரணும். அவ்வளவுதான்,” என்றார். அச்சகக்காரரின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டார். ‘உருக்கமான சாட்சி’ என்று பல் டாக்டர் பாராட்டினார். வேன் அடுத்த வீட்டுக்குப் போனது. அன்று ஆராதனைக்கு வராதவர்களில் அச்சகக்காரர் குடும்பமும் சேர்ந்துவிட்டது என்பதை மாலையில் கமிட்டி கவலையோடு குறித்துக்கொண்டது.

இதற்குப் பிறகு காரியங்கள் வேகம் பிடித்தன. வராதவர்களின் தொகை கூடக் கூட, சந்திக்கப் போகிறவர்களின் தொகையையும் கூட்ட வேண்டியிருந்தது. சந்திக்கப் போவதற்கு ஆள் எங்கிருந்து எடுப்பது? வந்தவர்களிலிருந்துதான். வராதவர்களுக்கு ஆர்வமூட்டுவதற்காகப் பாடகர் குழு வீதிவீதியாகப் போய்ப் பாடியது. குழு போன பிறகு ஆர்கன் வாசிப்பவருக்கு ஆலயத்தில் என்ன வேலை? அவரையும் கூட்டிக்கொண்டு போனார்கள். காணிக்கைப் பை எடுப்பவர்கள் பிஸ்கட் பொறுப்புக்கு மாற்றப்பட்டார்கள்.

ஆயர் சாதுவான மனிதர். தன்னுடைய நிழலையே மிதித்துவிடக் கூடாது என்று நடப்பவர். ஒரு ஞாயிறு காலை, வேன் கிளம்புவதற்கு முன், துணிந்து கமிட்டி அறைக் கதவைத் தட்டினார்.

“ஐயா, நீங்கள்லாம் ஒரு வாரம், ஒரே ஒரு வாரம், உள்ளே வந்து உக்காந்தீங்கன்னா...”

“ஆயரே,” என்றார் மேனேஜர் பெருந்தன்மையாக, “உங்க ஆராதனைக்கு நாங்க எப்பவாவது குறுக்கே நின்னிருக்கோமா? நீங்க உங்க வேலையைப் பாருங்க. நாங்க ஆண்டவரோட வேலையைப் பாக்குறோம்.”

“ஆள் குறைஞ்சுக்கிட்டே போகுதேன்னுதான்...”

“அதான் எங்களுக்கும் உற்சாகமா இருக்கு. குறையக் குறையத்தானே கமிட்டியோட தேவை எல்லாருக்கும் புரியும்?”

ஆயர் திரும்பிப் போய்க் கமிட்டிக்காக ஜெபித்தார். ஆமென் சொல்ல அன்று லிஃப்ட்காரரின் மனைவியும் தூணோரம் காது கேட்காத ஒரு பெரியவரும் இருந்தார்கள். பெரியவருக்கு ஜெபம் முடிந்தது தெரியாது. ஆக, மனைவி மட்டும் சொன்னார்.

லிஃப்ட்காரர் ராஜினாமா செய்ய முயன்றார். ராஜினாமாவைக் கமிட்டிக் கூட்டத்தில் நேரில் வந்துதான் கொடுக்க வேண்டும் என்றார்கள். கூட்டம் எப்போது? ஞாயிறு காலை.

கடைசியில் ஒரு ஞாயிறு அவர் வேனுக்குப் போகவில்லை, கமிட்டிக்கும் போகவில்லை. சுவரோரமாகப் பதுங்கிப் பதுங்கி வந்து, மனைவியின் பெஞ்சில், மனைவியின் பக்கத்தில், பாதி உட்கார்ந்தார். முழுதாக உட்காருவதற்குள் தோளில் ஒரு கை விழுந்தது. பல் டாக்டரின் கை. கெட்டியான பிடி.

“இங்கே வந்து ஒளிஞ்சிருக்கீங்களா? கமிட்டியே உங்களைத் தேடுது!”

“டாக்டர், விடுங்க. இப்பத்தான் உக்காந்தாரு,” என்றார் மனைவி.

“அம்மா, புருஷனைக் கர்த்தரோட பணிக்கு அனுப்ப இவ்வளவு தயக்கமா?” டாக்டர் லிஃப்ட்காரர் பக்கம் திரும்பினார். “கமிட்டிக்கு வராததுக்குக் காரணம் சொல்லணும் பிரதர்.”

“ஆராதனைக்கு வந்தேங்க.”

“இந்த மாதிரிச் சாக்கெல்லாம் இனி செல்லாதுன்னு அறிவிச்சிருக்கோமே!”

பல்லைப் பிடுங்குவது போலவே, முதலில் மெல்ல ஆட்டி, பிறகு ஒரே இழுப்பாக இழுத்து அவரைக் கொண்டுபோனார் டாக்டர். அதற்குப் பிறகு யாராவது ‘வீட்டுக்காரர் எங்கே?’ என்று கேட்டால் மனைவி, “கமிட்டியில இருக்காரு,” என்றார். முன்பு மூலம் என்று சொன்னாரே, அதே குரலில்.

வருடம் நிறைந்தது. ‘ஆராதனை முன்னுரிமைப் பெருவிழா’ அறிவிக்கப்பட்டது. ஞாயிறு காலை, ஆலயத்துக்குள்ளேயே. அன்றைக்கு வேன் ஓடாது. கமிட்டி உட்பட எல்லோரும் ஆலயத்துக்குள் இருப்பார்கள். இதைக் கேட்டதும் லிஃப்ட்காரருக்கு உயிர் வந்தது. “இந்தத் தடவை எங்கேயும் இழுத்துட்டுப் போக முடியாதும்மா. எல்லாரும் அங்கேதான் இருப்பாங்க,” என்று மனைவியிடம் சொன்னார். மனைவி அன்று அவருடைய சட்டையைத் தானே தேய்த்துக் கொடுத்தார்.

ஆலயம் நிரம்பி வழிந்தது. விழா என்றால் ஜனம் வரத்தான் செய்யும். பீடத்துக்கு முன்னால் மேடை கட்டியிருந்தார்கள். மேடை உயரமாக இருந்ததால் பீடம் தெரியவில்லை. ஆயருக்கு மேடையில் ஓரமாக ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். லிஃப்ட்காரருக்கு நடுவில்.

வரவேற்புரை, விளக்கவுரை, வாழ்த்துரை, அறிக்கை எல்லாம் ஆன பிறகு மேனேஜர் எழுந்தார்.

“அன்பான சபையாரே! பெருமைக்காகச் சொல்லல, நன்றியோட சொல்றேன். இந்தக் கமிட்டி தொடங்கின நாள்லேருந்து இன்னைக்கு வரைக்கும் ஒரு ஞாயிறுகூட நான் ஆராதனைக்குப் போனதில்ல. அவ்வளவு வேலை!” (பலத்த கைதட்டல்.) “இதுக்கு முன்னாடியும் பல வாரம் போகாம இருந்திருக்கேன். ஒளிக்க மாட்டேன். ஆனா அப்பல்லாம் மனசுக்குள்ள ஒரு உறுத்தல் இருக்கும். வீட்டுல உக்காந்து பேப்பர் படிச்சாக்கூட எழுத்து ஓடாது. கமிட்டிக்கு வந்தப்புறம் அந்த உறுத்தல் சுத்தமா போயிடுச்சு. இப்ப ராத்திரி நிம்மதியாத் தூங்குறேன். இந்தச் சமாதானம் உங்க ஒவ்வொருத்தருக்கும் கிடைக்கணும். அதனால வர்ற வருஷம் சபையார் எல்லாரையுமே கமிட்டி உறுப்பினரா சேத்துக்கலாம்னு இருக்கோம்.”

கூரை அதிரக் கைதட்டினார்கள். ஆயரும் பழக்கதோஷத்தில் இரண்டு தட்டு தட்டிவிட்டு, பிறகு கையைப் பார்த்துக்கொண்டார்.

‘சிறந்த திருந்திய சாக்காளர்’ கேடயம் லிஃப்ட்காரருக்கு வழங்கப்பட்டது. வாங்கிக்கொண்டவர் தன் நாற்காலிக்குத் திரும்பாமல் மேடையிலிருந்து இறங்கினார். பெஞ்சுகளுக்கு நடுவே நடந்தார். மனைவி நகர்ந்து இடம் விட, பக்கத்தில் உட்கார்ந்தார். முழுதாக.

“பிரதர், உங்க நாற்காலி மேல இருக்கு!” என்று மைக்கில் கூப்பிட்டார் மேனேஜர்.

“இருக்கட்டும் சார்.”

நிகழ்ச்சியின் ஒரு பகுதி என்று நினைத்து எல்லோரும் இதற்கும் கைதட்டினார்கள். மேனேஜரும் தட்டும்படி ஆயிற்று. பிறகு பேச்சைத் தொடர்ந்தார்.

லிஃப்ட்காரர் கேடயத்தைக் காலடியில் வைத்துவிட்டு மனைவியின் காதருகே குனிந்தார். “வந்துட்டேன். ஆராதனை எப்ப ஆரம்பிக்கும்?”

“தெரியலீங்க. இன்னும் நன்றியுரை இருக்கு. அப்புறம் குழுப் படம் எடுக்குறாங்களாம்.”

அவர் கேடயத்தைக் காலால் பெஞ்சுக்கு அடியில் தள்ளினார். “சரி, நம்ம ரெண்டு பேரும் ஜெபம் பண்ணிக்குவோமா?”

மனைவி அவரை ஆச்சரியமாகப் பார்த்தார். பிறகு இருவரும் தலையைக் குனிந்து கண்ணை மூடிக்கொண்டார்கள்.

பல் டாக்டர் பெஞ்சுக்குப் பெஞ்சு பார்த்துக்கொண்டே வந்தவர், குனிந்து லிஃப்ட்காரரின் தோளைத் தட்டினார்.

“இங்கேயும் தூக்கமா பிரதர்? எழுந்திரிங்க. ஆராதனையோட முக்கியத்துவத்தைப் பத்தித் தலைவர் பேசிட்டிருக்காரு.”

நேரம் போதாமையால் அன்று ஆராதனை நடைபெறவில்லை.